வேலியோரம் – 17: பூவைத் தெரியும், கிழங்கைத் தெரியுமா?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கள்ளிவேலி, கிளுவைவேலி எதையும் விடாமல் செங்காந்தள் ஏறிவிடும். அதன் இலை நுனியே சுருண்டு கொக்கியாகும். அகப்பட்ட குச்சியைப் பற்றிக்கொண்டு கொடி மேலே போகும். மொட்டு தலைகுனிந்து தொங்கும். விரிந்ததும் ஆறு இதழ்களும் பின்னுக்கு மடங்கி வானம் பார்க்கும். முதலில் பச்சை கலந்த மஞ்சள், பிறகு ஆரஞ்சு, கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் மூன்று நிறமும் சேர்ந்திருக்கும் நாளில் அதைப் பறிக்காமல் கடந்துபோக எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது.

சென்ற வாரம் பார்த்த ஊமத்தைக்கு இந்த அழகு கிடையாது. அதன் காய் முழுக்க முள். இலையைக் கசக்கினால் குமட்டும். கிட்டே வராதே என்று அதுவே சொல்லிவிடுகிறது. செங்காந்தளிடம் அப்படி ஒரு எச்சரிக்கையும் இல்லை. காய் முற்றி வெடித்தால் உள்ளே மாதுளை முத்துபோல ஆரஞ்சுச் சிவப்பில் விதைகள். நஞ்சு அதிகம் இருப்பது அந்த விதையில்தான்.

இந்தப் பூவுக்குப் புகழ் கொஞ்சமல்ல. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களின் வரிசை காந்தளில்தான் தொடங்குகிறது. முருகனுக்கு உரிய பூ. தமிழ்நாட்டின் மாநில மலர். ஈழத்தில் கார்த்திகைப்பூ என்ற பெயரில் அதற்கு இருக்கும் இடத்தை நான் சொல்லத் தேவையில்லை. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுவே. அன்று ரொடீசியா எனப்பட்ட அந்நாட்டுக்கு 1947இல் போன இளவரசி எலிசபெத்துக்கு இந்தப் பூவின் வடிவத்தில் வைர ஊசி ஒன்று செய்து கொடுத்தார்கள். அஞ்சல்தலை, சுவரோவியம், பள்ளிச் சுவரொட்டி என்று எங்கே பார்த்தாலும் பூதான். கிழங்கின் படத்தை நான் அப்படி எங்கும் பார்த்ததில்லை. இந்தச் செடியால் சாப்பாட்டில் வரும் ஆபத்து பெரும்பாலும் பூவால் வருவதில்லை, கிழங்கால்தான் வருகிறது.

மழைக்காலம் முடிந்ததும் கொடி காய்ந்து மண்ணோடு போய்விடும். இலை இல்லை, பூ இல்லை, அடையாளம் எதுவும் இல்லை. மண்ணுக்குள் கிழங்கு மட்டும் உறங்கிக்கொண்டிருக்கும். இரண்டு கிளையாகப் பிரிந்து ஏர்க்கலப்பையின் வளைவோடு இருக்கும் என்பதால் கலப்பைக்கிழங்கு என்று பெயர். ஆனால் தோண்டும்போது மண்வெட்டி பட்டு ஒடிந்துவிட்டால் அந்த வளைவும் போச்சு. விரல் கனத்தில் ஒரு துண்டு கையில் வரும். காட்டு வள்ளிக்கிழங்கு தேடிப் போனவருக்கு அது வள்ளிக்கிழங்குதான். சர்க்கரைவள்ளி போட்டிருந்த நிலத்தில் கிடைத்தால் அது சர்க்கரைவள்ளிதான். இந்தியாவிலும் இலங்கையிலும் மருத்துவ ஏடுகளில் பதிவான விபத்துகளில் பல இப்படித்தான் நடந்திருக்கின்றன. வேகவைத்தால் நஞ்சு முறிந்துவிடும் என்ற நம்பிக்கை இங்கே பலிக்காது. மரவள்ளியில் இருக்கும் நஞ்சை வேகவைத்து வடித்தே பழகிய கை நம்முடையது. இந்தக் கிழங்கில் இருக்கும் கோல்ச்சிசின் என்ற நஞ்சு கொதிநீருக்கு அசையாது.

உள்ளே போனபின் அது செய்யும் வேலை விசித்திரமானது. உடலில் ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது மரபுப்பொருளைப் பங்கிட்டு இரு பக்கமும் இழுக்க நுண்குழல்கள் உருவாகும். கோல்ச்சிசின் அந்த நுண்குழல்களை உருவாகவிடாது. பிரியத் தொடங்கிய செல் பாதியில் நின்று மடிகிறது. அதனால் எங்கே செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கின்றனவோ அங்கேதான் முதல் அடி: குடலின் உள்சுவர், எலும்பு மஜ்ஜை, முடியின் வேர்.

தின்ற சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுவலி, கழிச்சல் தொடங்கும். சில நேரம் ஒரு நாள்கூடத் தாமதமாகும். பார்ப்பவர்களுக்கு அது சாப்பாடு ஒத்துக்கொள்ளாததுபோலத்தான் தெரியும். இரண்டாம், மூன்றாம் நாளில் இதயம், நுரையீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகத் தடுமாறும். மஜ்ஜை படுத்துவிடுவதால் இரத்த வெள்ளணுக்கள் சரியும். இதைத் தாண்டிப் பிழைத்தவர்களுக்கு இரண்டு வாரம் கழித்து முடி கொத்துக்கொத்தாக உதிரும். 1966இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இலங்கையிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. இந்தக் கிழங்கைத் தின்று பிழைத்த இளம்பெண் ஒருவருக்குத் தலையில் மட்டுமின்றி உடலெங்கும் முடி உதிர்ந்ததை அது விவரிக்கிறது. உதிர்ந்த முடி பொதுவாகத் திரும்ப முளைத்துவிடும்.

முறிமருந்து என்று கடையில் கிடைப்பது எதுவும் இல்லை. கோல்ச்சிசினைப் பிடித்து அடக்கும் எதிர்ப்புப் புரதத்தை ஆட்டின் உடலில் உருவாக்கி, பிரான்சில் ஒரு நோயாளிக்குக் கொடுத்துக் காப்பாற்றியதாக 1995இல் ஒரு பதிவு வெளியானது. அது சந்தைக்கு வரவே இல்லை. அரிதான விஷத்துக்கு மருந்து செய்து யார் சம்பாதிக்கப் போகிறார்கள்?

இவ்வளவு கொடிய கிழங்கை நம் முன்னோர் ஒதுக்கிவிடவில்லை, பயன்படுத்தினார்கள். மூட்டுவலிக்கு எண்ணெய் காய்ச்சினார்கள். இலைச்சாற்றைப் பேனுக்குத் தேய்த்தார்கள். பிரசவம் தாமதமானால் கிழங்கை அரைத்துத் தொப்புளைச் சுற்றியும் உள்ளங்காலிலும் பூசினார்கள். பிள்ளை பிறந்த உடனே துடைத்துவிட வேண்டும் என்று கண்டிப்பும் இருந்தது. சித்த மருத்துவத்தில் சுத்தி செய்யாமல் இதைத் தொடமாட்டார்கள். கிழங்கை நறுக்கி, உப்பிட்ட மோரில் இரவெல்லாம் ஊறவைத்து, பகலில் உலர்த்தி, மறுபடியும் ஊறவைத்து என்று பல நாள் நடக்கும் வேலை அது. ஆயுர்வேதம் இதை லாங்கலி என்று சொல்லி உபவிஷங்களில் சேர்த்திருக்கிறது. அரசாங்கமும் சும்மா இல்லை. 1945ஆம் ஆண்டின் மருந்து, அழகுசாதனப் பொருள் விதிகளில் இ(1) என்றொரு அட்டவணை உண்டு. நாட்டு மருந்துகளில் சேரும் நச்சுப் பொருள்களின் பட்டியல் அது. சித்தப் பிரிவில் எட்டி, ஊமத்தையோடு கலப்பைக்கிழங்கும் இருக்கிறது. இவை சேர்ந்த உள்மருந்தின் சீட்டில், மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை இருந்தாக வேண்டும்.

ஆக, பாட்டி வைத்தியம் என்ற ஒரே மூட்டையில் இரண்டு வேறு சரக்குகள் இருக்கின்றன. ஒன்று, வைத்தியர் அளந்து, சுத்தி செய்து, ஆள் பார்த்துக் கொடுத்தது. மற்றொன்று, அந்த வைத்தியரும் மோர்ப்பானையும் காணாமல் போனபின் செய்முறையின் முதல் வரியை மட்டும் செல்போனில் அனுப்பிவைப்பது. முதலாவதைப் பற்றி அத்துறை அறிந்தவர்கள் பேசட்டும். இரண்டாவதை நான் ஒப்ப மாட்டேன், வெளிப்பூச்சாக இருந்தாலும்கூட. சொறிந்து புண்ணான குழந்தையின் தலையில் தேய்த்த சாறு எவ்வளவு உள்ளே போனது என்று யார் அளந்து சொல்வார்கள்? கருவைக் கலைக்க இதை உள்ளுக்குக் கொடுத்த வழக்கமும் நம் கிராமங்களில் இருந்தது. அதில் கருவோடு தாயும் போகலாம்.

ஒட்டன்சத்திரம், கள்ளிமந்தையம், மூலனூர், தாராபுரம் பக்கம் போனால் இதே செடி வேலியை விட்டு இறங்கி வயலுக்குள் வந்திருக்கும். அங்கே இதன் பெயர் கண்வலிக்கிழங்கு. ஆடி, ஆவணியில் நட்டுக் கம்பிப் பந்தலில் படரவிடுகிறார்கள். ஒருமுறை நட்ட கிழங்கு பல ஆண்டு பலன் தரும். பூவின் சூல்தண்டு பக்கவாட்டில் ஒடிந்ததுபோல் வளைந்து, மகரந்தத்தை விட்டு விலகி நிற்கிறது. தானாகக் காய் பிடிப்பது குறைவு. அதனால் பூக்கும் பருவத்தில் காலையிலேயே ஆட்கள் இறங்கி, பூவுக்குப் பூ மகரந்தத்தைக் கையால் தொட்டு வைக்கிறார்கள். தை, மாசியில் காய் உடைத்து விதை எடுப்பார்கள். சாக்கில் கட்டி வைக்கும் அந்த விதை மருந்துக் கம்பெனிகளுக்கும் ஏற்றுமதிக்கும் போகிறது. கிலோ ஆயிரக்கணக்கில் விலைபோன ஆண்டுகள் உண்டு. வாங்க ஆளில்லாமல் மூட்டையைக் காத்துக்கொண்டிருந்த ஆண்டுகளும் உண்டு. விலையை நிர்ணயிப்பது வியாபாரிகள்தான் என்ற புகார் விவசாயிகளிடம் எப்போதும் இருக்கிறது.

அந்தப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களே என்று கேட்டேன். “வெதையத் தொட்ட கையோட சோத்துல கை வெக்கக் கூடாதுன்னு சொல்லியே வளர்த்திருக்கோமுங்க” என்றார். பயிர் செய்பவருக்கு அது தெரிந்திருக்கிறது. பூ அழகாக இருக்கிறதே என்று நர்சரியில் கிழங்கு வாங்கி, மாடித்தோட்டத்துத் தொட்டியில் சேம்புக்கும் இஞ்சிக்கும் பக்கத்தில் ஊன்றும் நகரத்துக்காரருக்குத்தான் இதை யாரும் சொல்வதில்லை.

விதையிலிருந்து பிரித்த கோல்ச்சிசின் யூரிக் அமில வாதத்துக்கு, அதாவது கவுட் என்கிற கால் கட்டைவிரல் வீக்கத்துக்கு, உலகமெங்கும் கொடுக்கப்படும் மாத்திரை. ஐரோப்பியர் இந்தப் பொருளை முதலில் எடுத்தது தங்கள் ஊர்ப் புல்வெளியில் பூக்கும் கோல்ச்சிகம் என்ற செடியிலிருந்து. 1820இல் பெல்லத்தியே, கவாந்து என்ற இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள் அதைச் செய்தார்கள். கொய்னாவைப் பிரித்தெடுத்தவர்களும் அவர்களே. செல் பிரிவதை நிறுத்தும் அதே குணத்தைத் தாவர ஆய்வாளர்கள் வேறு விதமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். கோல்ச்சிசின் பட்ட முளையில் குரோமோசோம்கள் இரட்டிப்பாகும். அப்படி இரட்டித்த தர்பூசணியைச் சாதாரணத் தர்பூசணியோடு கலந்து, அதில் வரும் விதையை நட்டால் விதையில்லாத பழம் கிடைக்கும். அமெரிக்காவில் 2009இல் ஒரு நிறுவனம் இந்தப் பழைய மருந்துக்கு முறையான அனுமதி வாங்கியதும், சுமார் 9 சென்ட் விலையிலிருந்த மாத்திரை 4.85 டாலர் ஆனது; பெரிய சண்டையே நடந்தது. மாரடைப்பைத் தடுக்கக் குறைந்த அளவு கோல்ச்சிசினை அங்கே 2023இல் அனுமதித்திருக்கிறார்கள்.

மாத்திரையின் அளவு அரை மில்லிகிராம். கண்ணுக்குத் தெரியாத அந்த அளவுக்கே மருத்துவர்கள் பயந்து பயந்துதான் சீட்டு எழுதுகிறார்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது உடலில் தேங்கும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கோடு சேர்ந்தால் அளவு ஏறி உயிருக்கே ஆபத்தாகும். மூட்டுவலிக்கு இந்த மாத்திரை சாப்பிடுபவர் சளிக் காய்ச்சலுக்கு வேறொரு டாக்டரிடம் போனால் பழைய சீட்டையும் கையில் கொண்டுபோக வேண்டும். மருந்துக் கடையில் அறிகுறி சொல்லி மாத்திரை வாங்கும் பழக்கமுள்ள ஊரில் இது சின்ன விஷயமில்லை. கிழங்கிலோ இந்த அரை மில்லிகிராம் கணக்கே கிடையாது. மண்ணுக்கும் பருவத்துக்கும் தக்கபடி அதன் நஞ்சு கூடும், குறையும்.

யாராவது தின்றுவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது, மோர் கொடுத்துப் பார்ப்பது, விடியட்டும் என்று காத்திருப்பது எதுவும் வேண்டாம். 108ஐக் கூப்பிட்டு, ஐசியூ உள்ள பெரிய மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். வாந்தி நின்றுவிட்டது, ஆள் தெளிந்துவிட்டார் என்று அன்று மாலையே வீட்டுக்கு அழைத்துவரப் பார்க்காதீர்கள். மோசமான நாள்கள் அதற்குப் பிறகுதான் வரும். மீதிக் கிழங்கு இருந்தால் அதை, இல்லையென்றால் சீவிய தோலையாவது ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். இன்ன கிழங்கு என்று தெரிந்தால் கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைக்கிழங்கு, செங்காந்தள் என்று எல்லாப் பெயரையும் சொல்லிவிடுங்கள். டாக்டர் எந்த ஊர்க்காரரோ, ஏதாவது ஒன்று அவருக்குப் பிடிபடும்.

அடுத்த வாரம்: குன்றிமணி.

(தொடரும்)