மின்சாரம் இல்லாமல் முழங்கும் கிடார் தெரியுமா?

'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' இசைத்தட்டின் அட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழு 1985-ல் வெளியிட்டது. நீல வானம், மேகம், நடுவே சாய்வாக மிதப்பதுபோல் வெள்ளியாய்ப் பளபளக்கும் ஒரு கிடார். அலங்காரத்துக்காகச் செய்த பொருள் என்றுதான் பலர் நினைத்திருப்பார்கள். இல்லவே இல்லை! அது 1937-ல் செய்யப்பட்ட 'நேஷனல் ஸ்டைல் ஓ', மார்க் நாப்ளர் வாசித்த நிஜ வாத்தியம். உடம்பு முழுக்கப் பித்தளை, மேலே நிக்கல் முலாம். வயிற்றுக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? தட்டையாகத் திறந்த குடைபோல ஓர் அலுமினியக் கூம்பு! இதற்கு ரெசனேட்டர் கிடார் என்று பெயர்.

அந்தக் கூம்பை ஒட்டியிருக்க மாட்டார்கள். ஆணி அடித்திருக்க மாட்டார்கள். திருகு போட்டு உடம்போடு முடுக்கியிருக்கவும் மாட்டார்கள். கம்பிகள் மேலிருந்து அழுத்துகிற அழுத்தத்தில்தான் அது தன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆறு கம்பிகளையும் ஒரே நேரத்தில் கழற்றினால் கூம்பு நகர்ந்துவிடும்! இவ்வளவு பெரிய சத்தம் போடும் வாத்தியத்தின் உயிர் இப்படிச் சும்மா வைத்த ஒரு தகட்டில் இருக்கிறது என்பதை முதன்முதலில் அறிந்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

எதற்காக இப்படி ஒன்று வேண்டியிருந்தது? 1920-களுக்குப் போங்கள். அமெரிக்கா முழுக்க ஹவாய் இசை மோகம். கிடாரை மடியில் படுக்கவைத்து, எஃகுத் துண்டால் கம்பியை வழுக்கி வாசிப்பார்கள். கோட்டுவாத்தியம் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த இழைவு அந்நியமாகத் தோன்றாது. ஆனால் மேடையில் டிரம்பெட், சாக்ஸபோன், டிரம்ஸ் எல்லாம் சேர்ந்து முழங்கும்போது மரக் கிடார் காதில் விழுமா? கிடாரை மின்சாரத்தில் இணைத்து ஒலிபெருக்கும் வழி அப்போது கடைக்கு வரவில்லை. ஜார்ஜ் பீச்சம் என்ற மேடைக் கலைஞர் இதனால் நொந்துபோய், லாஸ் ஏஞ்சல்ஸில் பட்டறை வைத்திருந்த ஜான் டோப்யேராவிடம் போனார். என்ன கேட்டார் தெரியுமா? கிராமபோன் ஊதுகுழலைக் கிடாரில் பொருத்தித் தரச் சொன்னார்! டோப்யேரா அதையும் செய்து பார்த்தார். சரிவரவில்லை.

டோப்யேரா சாமானியக் கைவினைஞர் அல்லர். 1893-ல் இன்றைய ஸ்லோவாக்கியாவில் பிறந்தவர். அப்பாவே வயலின் செய்யத் தெரிந்தவர். 1908-ல் குடும்பம் கலிபோர்னியாவுக்கு வந்தது. ஊதுகுழலை விட்டுவிட்டு, கிராமபோனின் மெல்லிய அதிர்தகட்டைப் பற்றி அவர் யோசிக்க ஆரம்பித்தார். பல பொருள்களில் கூம்பு செய்து பார்த்து, கடைசியில் அலுமினியத்துக்கு வந்து சேர்ந்தார். ஒன்றல்ல, மூன்று கூம்புகள்! கனத்த கம்பிகளின் பக்கம் இரண்டு, மெல்லிய கம்பிகளின் பக்கம் ஒன்று. மூன்றின் உச்சியையும் தொட்டுக்கொண்டு ஆங்கில 'டி' எழுத்து வடிவில் ஓர் அலுமினியப் பாலம். 1927-ல் வெளிவந்த இந்த 'ட்ரைகோன்' கிடாரை இன்று கேட்டாலும் உடல் சிலிர்க்கிறது.

முதலீடு எப்படிக் கிடைத்தது தெரியுமா? ஒரு விருந்தில்! பெரும் சொத்துக்கு வாரிசான டெட் கிளைன்மெயர் தந்த விருந்துக்கு பீச்சம் புதுக் கிடாரை எடுத்துப் போனார். சோல் ஹோஓபி என்ற ஹவாய் வித்வானின் குழு அதை வாசித்தது. கேட்டு மயங்கிய கிளைன்மெயர் அன்றிரவே 12,500 டாலருக்குக் காசோலை கொடுத்தார் என்று இந்த வாத்தியத்தின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். நேஷனல் கம்பெனி அப்படித்தான் எழுந்தது.

அந்த ட்ரைகோன்களின் உடம்பு ஜெர்மன் சில்வர். ஆமாம், நம் வீடுகளில் குங்குமச் சிமிழாகவும் பூஜைத் தட்டாகவும் இருக்கும் அதே ஜெர்மன் சில்வர்தான்! பெயரில் மட்டுமே வெள்ளி; உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம். அதன்மேல் கையால் பூக்களைச் செதுக்கினார்கள். சாமந்திப்பூ செதுக்கிய 'ஸ்டைல் 4' ரகத்தின் விலை 195 டாலர். சில ஆண்டுகளில் ஒரே கூம்பும் எஃகு உடம்பும் கொண்ட 'டூவோலியன்' வந்தது. விலை 32.50 டாலர்தான். பெருமந்தக் காலத்தில் தெற்கத்திய ப்ளூஸ் பாடகர்கள் கைக்கு எட்டியது அதுபோன்ற மலிவு ரகங்கள்தான். சன் ஹவுஸ், புக்கா வைட் போன்றவர்களின் குரலோடு பிரிக்க முடியாதபடி நேஷனல் கிடாரின் உலோகக் குரல் கலந்தது இப்படித்தான். ஹவாய் இசைக்காகப் பிறந்த வாத்தியம் மிசிசிப்பியின் துயரத்தைப் பாடியது!

கூம்பு ஒலியைப் பெருக்குவதில்லை என்பது தெரியுமா? எந்தச் சக்தியையும் அது புதிதாகச் சேர்ப்பதில்லை. கம்பியில் விரல் எவ்வளவு விசையைப் போட்டதோ அவ்வளவுதான் கைவசம். சாதாரண கிடாரில் அந்த விசை, கனமான மரப்பலகையை அசைத்து மெதுவாக வெளியேறும். கூம்போ இறகுபோல் லேசானது. கம்பியின் விசையைச் சட்டென்று வாங்கிக் காற்றில் வீசிவிடும். அதனால்தான் ஓசை எகிறி எழுகிறது. எழுந்த வேகத்திலேயே அடங்கியும் விடுகிறது. ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் இருக்கும் காகிதக் கூம்பு செய்கிற அதே வேலை, மின்சாரம் மட்டும் இல்லை!

இனி பட்டறைக்குள் போவோம். வட்டமாக வெட்டிய அலுமினியத் தகட்டை லேத்தில், கூம்பு வடிவ அச்சோடு சேர்த்துப் பிடிக்கிறார்கள். லேத்து சுழலச் சுழல, நீண்ட பிடி போட்ட கருவியால் தகட்டை அச்சின்மேல் அழுத்தி அழுத்திப் படியவைக்கிறார்கள். குயவர் மண்ணை வனைவதுபோல உலோகத்தை வனைகிறார்கள் என்றே சொல்ல வேண்டும். கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் தகடு கிழியும். தயங்கினால் சுருங்கி மடியும். கைப்பழக்கம் ஒன்றே காப்பாற்றும். இப்படி அழுத்த அழுத்த அலுமினியம் இறுகிக் கெட்டிப்படுகிறது. முடிந்த கூம்பின் கனம் அரை மில்லிமீட்டர்கூட இராது. அந்த மெல்லிய தகடுதான் கம்பிகளின் அழுத்தத்தைப் பல்லாண்டு தாங்க வேண்டும்! பழைய கிடார்களில் கூம்பு அமுங்கிப்போய்ப் புதிதாக மாற்றுவதும் உண்டு.

வீணைக்காரர்கள் குதிரை என்று சொல்கிற பாகத்தில் இரண்டு வகை. ஒரே கூம்புள்ள நேஷனலில் கூம்பின் உச்சி மேல்நோக்கி நிற்கும். உச்சியில் வட்டமான சிறு மேப்பிள் மரத்துண்டு. பார்த்தால் பிஸ்கெட் மாதிரி இருப்பதால் பெயரே பிஸ்கெட்! டோப்ரோ என்ற இன்னொரு வகையில் கூம்பு கிண்ணம்போல் மல்லாந்து கிடக்கும். அதன் விளிம்பில் எட்டுக் கால்களை ஊன்றி நிற்கும் உலோகச் சட்டத்தை ஆங்கிலத்தில் ஸ்பைடர் என்கிறார்கள். நம் மொழியில் அதற்கு எவ்வளவு பொருத்தமான பெயர் காத்திருக்கிறது பாருங்கள்: எட்டுக்கால் பூச்சி! எண்ணிப் பார்த்தால் சரியாக எட்டு. அதன் நடுவே ஒரு திருகு கூம்பின் மையத்தைப் பிடித்திருக்கும். அதைக் கண்மூடித்தனமாக முடுக்கினால் கூம்பு நசுங்கிவிடும். ஒலி தெளிகிற இடத்தில் நிறுத்தத் தெரிந்தவரே தேர்ந்தவர்.

நேஷனலில் உடம்பு உலோகம், கழுத்து மரம். இரண்டும் எப்படிச் சேர்கின்றன? கழுத்தின் தொடர்ச்சியாக ஒரு மரக்கட்டை, கூம்புக்கு அடியில் உடம்பின் மறுமுனைவரை ஓடுகிறது. அந்தக் கட்டைக்கும் முதுகுத் தகட்டுக்கும் இடையே சின்னச் சின்ன மரத்துண்டுகளை முட்டுக் கொடுக்கிறார்கள். பட்டறையில் அவற்றுக்குக் காளான் என்று பெயர். கழுத்தின் சாய்வை மாற்ற வேண்டுமா? கட்டைக்கு ஒரு மெல்லிய சக்கை வைத்தால் போதும். ஒரு காளான் தளர்ந்தால் என்ன ஆகும் தெரியுமா? குறிப்பிட்ட ஒரு ஸ்வரத்தை மீட்டும்போது மட்டும் எங்கிருந்தோ 'ஜிர்ர்' என்று ஓர் இரைச்சல் கிளம்பும்.

இரைச்சலை வேட்டையாடுவதுதான் இந்தக் கலையின் உச்சம் என்பேன். கூம்பை மேலிருந்து மூடும் மூடித்தட்டின் திருகு தளர்ந்திருக்கலாம். கூம்பின் விளிம்பு ஓரிடத்தில் படியாமல் மயிரிழை தூக்கியிருக்கலாம். பிஸ்கெட் மூடித்தட்டைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். கம்பி உட்காரும் காடி அகலமாகியிருக்கலாம். விரல் முட்டியால் உடம்பைத் தட்டித் தட்டிக் கேட்டு, ஒவ்வொன்றாக விலக்கி, குற்றவாளியைக் கண்டுபிடிக்க வேண்டும். கூம்பின் விளிம்பு சமமா என்று பார்க்க அதைக் கண்ணாடிப் பலகைமேல் கவிழ்த்துப் பார்ப்பார்கள். எடுத்த திசையிலேயே திரும்ப வைக்கப் பென்சிலால் அடையாளம் போடுவார்கள். இன்னோர் அழகான உத்தி: கழுத்தில் கேப்போ என்ற கவ்வியை மாட்டிக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, தளர்த்தி, அடிப்பக்கக் கொக்கியோடு அப்படியே சேர்த்து விலக்கிவிடுவார்கள். கம்பி வீணாகாது, வயிறும் திறந்துவிடும்!

பிஸ்கெட்டின் மேல் நிற்கும் சிறு பட்டையை ஏன் மரத்தில் செய்கிறார்கள் தெரியுமா? மற்ற கிடார்களில் அந்த இடத்தில் எலும்பு உண்டு. இங்கே எலும்பு வைத்தால் ஓசை காதைக் கீறும் என்று மேப்பிளையே வைக்கிறார்கள். டோப்ரோவில் அதன் தலைக்குக் கருங்காலித் தொப்பி. கம்பி அந்தப் பட்டையின் மேல் ஏறி இறங்கும் கோணமும் முக்கியம். கோணம் போதாவிட்டால் கம்பி துள்ளி இரையும். அதிகமானால் கூம்பு மூச்சுத் திணறி ஓசை ஒடுங்கும். இவ்வளவையும் சரிசெய்த பிறகு பிஸ்கெட்டைத் துளி திருப்பி வைப்பார்கள். தடித்த கம்பிக்குச் சற்று நீளம் கூடுதலாகக் கிடைத்தால்தான் மேல் ஸ்தாயியில் சுருதி பிசகாது. ஒரே மாதிரிக் கூம்பு, ஒரே மாதிரி உடம்பு, ஆனால் ஒருவர் கை பட்டது பாடும், இன்னொருவர் கை பட்டது இரையும். என்னைக் கேட்டால், ரெசனேட்டர் கிடாரைச் செய்வதைவிடப் பொருத்துவதே பெரிய வித்தை.

இவ்வளவு அருமையான கூட்டணி நிலைத்ததா? இல்லை. மூன்று கூம்பே சிறந்தது என்றார் டோப்யேரா. ஒற்றைக் கூம்புக்குத் தன் பெயரில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார் பீச்சம். டோப்யேரா வெளியேறித் தன் சகோதரர்களோடு டோப்ரோ கம்பெனியைத் தொடங்கினார். 'டோப்யேரா பிரதர்ஸ்' என்பதன் சுருக்கம் அது. அதோடு ஸ்லோவாக் மொழியில் 'டோப்ரோ' என்றால் நல்லது என்று பொருள்! பீச்சம் என்ன செய்தார்? நேஷனலுக்கு உலோக உடம்புகளை அடித்துக் கொடுத்த அடால்ஃப் ரிக்கன்பேக்கரோடு சேர்ந்து, 1930-களின் தொடக்கத்தில் 'ஃப்ரையிங் பேன்' என்ற மின்சாரக் கிடாரைக் கொண்டுவந்தார். நீளக் கைப்பிடி போட்ட வாணலி போன்ற தோற்றம். விற்பனையில் வென்ற முதல் மின்சாரக் கிடார் அதுதான். கூம்புக் கிடாரைத் தூண்டிவிட்டவரே அதன் தேவையைக் குறைக்கும் கருவியையும் செய்துவிட்டார்! பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. அலுமினியம் விமானங்களுக்குப் போனது. நேஷனல் கூம்புகளின் உற்பத்தி நின்றது.

செத்துப்போனதா வாத்தியம்? அதுதான் இல்லை! 1950-களின் நடுவில் ஜாஷ் கிரேவ்ஸ் டோப்ரோவை ப்ளூகிராஸ் இசைக்குள் கொண்டுபோனார். பின்னால் வந்த ஜெர்ரி டக்ளஸ் அதை உலக மேடைகளுக்கு ஏற்றினார். 1967-ல் டோப்யேரா சகோதரர்களே மறுபடி பட்டறை திறந்தார்கள். 1980-களின் இறுதியில் டான் யங், மெக்ரெகர் கெய்ன்ஸ் இருவரும் கலிபோர்னியாவில் 'நேஷனல் ரெசோஃபோனிக்' என்ற பெயரில் பழைய உலோகக் கிடார்களுக்கு மறுபிறவி தந்தார்கள். ஸ்லோவாக்கியாவின் டிர்னாவா நகரில் டோப்ரோவுக்கென்றே திருவிழா நடத்தினார்கள். நம் நாட்டுக்கும் தொடர்புண்டு: இந்தக் கிடார்களின் வரலாற்றை நூலாக எழுதிய பாப் பிராஸ்மன், கொல்கத்தாவின் தேபாஷிஷ் பட்டாச்சார்யாவோடு சேர்ந்து 2003-ல் 'மஹிமா' என்ற தொகுப்பைத் தந்தார். கட்டாயம் கேளுங்கள்.

ரெசனேட்டர் கிடார் எப்போதாவது உங்கள் கைக்கு வந்தால் இரண்டு விஷயங்களை மறக்காதீர்கள். கம்பி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஆறையும் ஒருசேரக் கழற்றாதீர்கள். நடுவிலுள்ள மூடித்தட்டின் மேல் உள்ளங்கையை ஊன்றி அழுத்தாதீர்கள். அடியில் அந்தக் கூம்பு ஒட்டாமல் உட்கார்ந்திருக்கிறது.