லினக்ஸை நோண்டுகிறவர்கள்

ஒரே மடிக்கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் வைத்திருக்கும் இந்தியர்கள் பலரும் பார்த்திருக்கும் கூத்து இது. லினக்ஸில் வேலையை முடித்துவிட்டு விண்டோஸுக்குள் போனால், கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நிற்கும். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தில் லினக்ஸ் சர்வதேசப் பொது நேரத்தை எழுதி வைக்கிறது. விண்டோஸோ அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. பேட்டரி போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். டெர்மினலில் ஒரு வரிக் கட்டளை போதும்.

1991-ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்குக்காகச் செய்வதாகச் சொல்லித்தான் லினக்ஸை அறிவித்தார். இன்று ஆண்ட்ராய்டு போன்கள் முதல் சூப்பர் கம்ப்யூட்டர்கள் வரை அதன் மேல் ஓடுகின்றன. ஆனால் அந்தப் பொழுதுபோக்கு ஆர்வத்தை உயிரோடு வைத்திருப்பவர்கள், வீட்டில் பழைய லேப்டாப்போடு மல்லுக்கட்டும் ஆர்வலர்களே.

இவர்களுடைய முதல் பழக்கம், டிஸ்ட்ரோ எனப்படும் லினக்ஸ் தொகுப்புகளில் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவுவது. இந்த மாதம் உபுண்டு, அடுத்த மாதம் ஃபெடோரா, பிறகு ஆர்ச். கணினியில் பதிவதற்கு முன்பே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்க முடிவதால் ஆசை அடங்குவதில்லை. அனுபவசாலிகள் தங்கள் படங்களும் ஆவணங்களும் இருக்கும் ஹோம் பகுதியைத் தனிப் பார்ட்டிஷனில் வைத்துவிடுவார்கள். டிஸ்ட்ரோ மாறும், கோப்புகள் அப்படியே இருக்கும்.

புதிதாகப் போட்டதும் சிலருக்கு வைஃபை வேலை செய்யாது. வைஃபை சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் இல்லாததே பெரும்பாலும் காரணம். அதை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இணையத்துக்கோ வைஃபை வேண்டும்! செல்போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, அதன் டேட்டாவைப் பகிர்ந்து தப்பித்தவர்கள் ஏராளம். மூலநிரல் திறந்திராத ஃபர்ம்வேரை டெபியன் என்ற டிஸ்ட்ரோ கொள்கை காரணமாக நெடுங்காலம் தனியே ஒதுக்கி வைத்திருந்தது. 2022-ல் அதன் உறுப்பினர்கள் வாக்களித்து முடிவை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-ல் இருந்து நிறுவும் கோப்பிலேயே ஃபர்ம்வேர் சேர்ந்து வருகிறது.

கிராபிக்ஸ் கார்டு இன்னொரு தலைவலி. என்விடியா டிரைவரின் ஒரு பகுதி, லினக்ஸின் மையமான கெர்னலோடு ஒட்டி இயங்குவது. கெர்னல் புதுப்பிக்கப்படும்போது அந்தப் பகுதியும் அதற்கேற்றபடி அமையாவிட்டால், அடுத்த முறை கறுப்புத் திரைதான் மிஞ்சும். பதற வேண்டியதில்லை. கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் உள்ளே போய்விடலாம்.

ஆர்வலர்களை நிஜமாகவே சோதிப்பது எஃப்எஸ்டேப் என்ற சின்னக் கோப்பு. எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைக்க வேண்டும் என்ற பட்டியல் அது. தேவையில்லை என்று ஒரு பார்ட்டிஷனை அழித்துவிட்டு, பட்டியலில் அதன் வரியை நீக்க மறந்தால், கணினி இல்லாத வட்டுக்காகக் காத்திருக்கும். வழக்கமாக ஒன்றரை நிமிடம் கழித்து, அவசர நிலைக்கு வந்துவிட்டதாகச் சொல்லி நின்றுவிடும். முதல் தடவை பார்ப்பவருக்கு வயிறு கலங்கும். ஆனால் எந்த வட்டு கிடைக்கவில்லை என்பதை 'லாக்' எனப்படும் பதிவேடு சொல்லிவிடும். அந்த வரியின் தொடக்கத்தில் ஒரு ஹேஷ் குறி போட்டால் போதும், கணினி எழுந்துவிடும். அவ்வப்போது மட்டும் மாட்டும் வட்டு என்றால், அதன் வரியில் 'நோஃபெயில்' என்று முன்பே சேர்த்துவிடலாம்.

லினக்ஸின் அருமை இங்கேதான் தெரிகிறது. கோளாறுக்குக் காரணம் பெரும்பாலும் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும். திருத்த வேண்டிய இடமும் யாரும் திறந்து படிக்கக்கூடிய எழுத்துக் கோப்பாகவே இருக்கும். கணினி அறிவியல் படிக்காத எத்தனையோ பேர் கணினி எப்படி எழுகிறது என்பதை இந்த வழியாகத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

எல்லாத் தவறையும் திருத்திவிட முடியாது என்பதும் உண்மை. பென்டிரைவில் டிஸ்ட்ரோவைப் பதிய உதவும் 'டிடி' கட்டளையில் வட்டின் பெயர் ஓர் எழுத்து மாறினால், பென்டிரைவுக்குப் பதில் ஹார்ட் டிஸ்க் அழியும். கட்டளை நம்மிடம் மறுகேள்வி கேட்காது. அதனால் பட்டறிவு உள்ளவர்கள் கட்டளையைத் தட்டும் முன் வட்டுகளின் அளவைப் பட்டியலிட்டுச் சரிபார்க்கிறார்கள். எந்த அமைப்புக் கோப்பையும் நகலெடுத்த பிறகே தொடுகிறார்கள். அன்றாட வேலைக்கான கணினியில், ஐந்தாண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் உபுண்டு எல்டிஎஸ் போன்ற பதிப்பைப் போட்டுவிட்டு, சோதனைகளையெல்லாம் பழைய லேப்டாப்பில் வைத்துக்கொள்கிறார்கள்.