பாலூட்டும் தாய்க்கும் அது மருந்து

கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை சிப்காட் தொழிற்சாலைகளுக்குக் காலை ஷிப்டுக்குப் போகும் பெண்களில் கைக்குழந்தையை மாமியாரிடமோ அம்மாவிடமோ விட்டுவிட்டு வருபவர்கள் உண்டு. பொன்னேரி, கவரைப்பேட்டை, ஆரம்பாக்கம் என்று ஊர் எதுவானாலும், கம்பெனி பஸ் ஏறி இறங்கி எட்டு மணி நேர வேலையும் முடிந்து வீடு திரும்பப் பத்து, பதினோரு மணி நேரம் ஆகிவிடும். நண்பகலுக்குள் பால் கட்டிக்கொண்டு மார்பு வலிக்கும். ஒதுக்கிடம் இல்லாத ஆலையில் கழிவறைக்குப் போய்ப் பீச்சி விடுவதைத் தவிர வழியில்லை. சில வாரங்களில் சுரப்பு குறைந்து, வீட்டில் புட்டிப்பால் வந்துவிடும்.

குழந்தைக்குத் தாய்ப்பால் போய்விட்டதே என்று குடும்பமே வருந்தும். தாய்க்கு என்ன போயிற்று என்று கேட்பவர்கள் குறைவு. அவளுக்கும் நிறையவே போகிறது என்று மருத்துவ ஆய்வுகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன.

பிரசவித்த நாளிலேயே தொடங்கும் பலன்

குழந்தை மார்பைச் சப்பியதும் தாயின் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி ஆக்சிடோசின் என்ற ஹார்மோனை வெளியிடுகிறது. பாலை வெளியே தள்ளும் அதே ஹார்மோன் கருப்பையையும் சுருங்கவைக்கிறது. முதல் சில நாள்கள் பாலூட்டும்போது அடிவயிற்றில் இழுத்துப் பிடிப்பது இதனால்தான். கருப்பை சுருங்கச் சுருங்க ரத்தப்போக்கு குறைகிறது.

இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும் பெண்ணுக்குப் பல மாதங்கள் மாதவிடாய் தள்ளிப்போகிறது. அத்தனை மாத ரத்த இழப்பும், அதோடு போகும் இரும்புச்சத்தும் மிச்சம். தமிழகப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ரத்தசோகை உள்ளவர்கள் என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்த நிலையில் இது பெரிய சேமிப்பு.

சர்க்கரையைக் கரைக்கும் வேலை

தினமும் முக்கால் லிட்டர் பால் சுரக்கும் தாயின் உடல், அந்தப் பாலில் ஏறத்தாழ 50 கிராம் லாக்டோஸ் சர்க்கரையைச் சேர்க்கிறது. அதற்கான குளுக்கோஸை மார்பகம் ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. கர்ப்ப காலத்தில் இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பும் பாலுக்குச் செலவாகிறது. இந்த வேலைக்கு நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி வரை கூடுதலாகத் தேவைப்படுகிறது.

அமெரிக்காவில் 1,200-க்கும் மேற்பட்ட பெண்களை 30 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2018-ல் வெளியானது. ஆறு மாதமோ அதற்கு மேலோ பாலூட்டிய பெண்களுக்கு, பாலூட்டாதவர்களைவிட இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. நம் ஊருக்கு இது மிக முக்கியமான செய்தி. கர்ப்ப கால நீரிழிவைக் கண்டறிய 75 கிராம் குளுக்கோஸைக் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கும் எளிய முறையை நாடு முழுக்கப் பரப்பியவர் சென்னை மருத்துவர் வீ. சேஷையா. அந்தச் சோதனையில் சர்க்கரை இருப்பதாகத் தெரியவந்த பெண்ணுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பாலூட்டுவதால் மிக அதிகமாகப் பயன்பெறக்கூடியவர்களில் அவளும் ஒருத்தி.

புற்றுநோய்க்கு எதிரே

30 நாடுகளின் 47 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2002-ல் லான்செட் இதழ் வெளியிட்ட கணக்கு இது: ஒரு பெண் தன் வாழ்நாளில் பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் ஆபத்து 4.3 சதவீதம் குறைகிறது. இரண்டு குழந்தைகளுக்கும் ஒன்றரை ஆண்டு வீதம் கொடுத்தவளுக்குச் சுமார் 12 சதவீதம் குறையும்.

நம் பெண்களிடமே செய்த ஆய்வும் உண்டு. 2002 முதல் 2005 வரை சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் உள்ள புற்றுநோய் மருத்துவமனைகளில், நோயுள்ள 1,866 பெண்களையும் நோயில்லாத 1,873 பெண்களையும் ஒப்பிட்டார்கள். மாதவிடாய் நிற்காத வயதினரில், பாலூட்டிய மொத்தக் காலம் கூடக் கூட ஆபத்து குறைந்தது. சென்னைப் பெண்களிடம் இன்று அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இது எப்படி நடக்கிறது? மார்பகச் செல்கள் முழு முதிர்ச்சி பெறுவது பால் சுரக்கும் காலத்தில்தான். முதிர்ந்த செல்கள் எளிதில் தடம் மாறுவதில்லை. பால் மறக்கடித்த பிறகு பழைய செல்கள் பெருமளவில் கழிந்துபோகின்றன. மாதவிடாய் தள்ளிப்போவதால் ஈஸ்ட்ரோஜன் தாக்கமும் குறைகிறது. கருமுட்டை வெளிவரும் தடவைகள் குறைவதால் சினைப்பைப் புற்றுநோய் ஆபத்தும் இறங்குகிறது.

இதயத்துக்கும் பங்கு உண்டு. ஏறத்தாழ 12 லட்சம் பெண்களின் தரவுகளைத் தொகுத்து 2022-ல் வந்த ஆய்வில், பாலூட்டியவர்களுக்கு மாரடைப்பு போன்ற இதயத் தமனி நோய்கள் 14 சதவீதமும் பக்கவாதம் 12 சதவீதமும் குறைவு. எலும்பு தேயும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பாலூட்டும் மாதங்களில் எலும்பின் அடர்த்தி சற்றுக் குறைவது உண்மை. பால் நிறுத்தியபின் பெரும்பாலோருக்கு அது மீண்டும் ஏறிவிடுகிறது.

இவை பெரும்பாலும் பெண்களை நெடுநாள் கவனித்தும் ஒப்பிட்டும் பெற்ற முடிவுகள். பாலூட்டினால் நோயே வராது என்று யாருக்கும் உறுதி தர முடியாது. மார்பில் கட்டி தென்பட்டால் பாலூட்டிய தாயும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பால் சுரக்காமலோ உடல்நிலையாலோ கொடுக்க முடியாமல் போன பெண்ணைக் குறை சொல்லவும் யாருக்கும் உரிமையில்லை. கொடுக்க விரும்பியும் வேலையிடம் தடுக்கிறதே, அந்தப் பெண்தான் இங்கே நம் கவலை.

சட்டம் இருக்கிறது

பலன் மாதக் கணக்கில் சேர்கிறது. அதனால் விடுப்பும் இடைவேளையும் தாயின் உடல்நலத்தைத் தீர்மானிக்கின்றன. 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு தந்தது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் உண்டு. 50 பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். தாய் நாளைக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமைகள் தொடர்கின்றன. இஎஸ்ஐ அட்டை உள்ளவருக்கு விடுப்புக் காலத் தொகையை இஎஸ்ஐ தருகிறது. தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறு நலன் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தில்லி மாநகராட்சி வழக்கில் தீர்ப்பளித்தது.

ஆனாலும் பிரசவத்துக்கு முன்பே எட்டு வாரம் எடுத்தவளுக்குப் பின்னால் மிஞ்சுவது 18 வாரம்தான். தாய்ப்பால் மட்டும் தரவேண்டிய ஆறு மாதம் முடியுமுன்பே அவள் மெஷின் முன்னால் நிற்கிறாள். அங்கே காப்பகம் இல்லையென்றால் அன்றோடு சுரப்பு இறங்கத் தொடங்கும்.

பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளை 2015-லேயே திறந்த மாநிலம் தமிழ்நாடு. நாட்டிலேயே அதிகப் பெண்கள் ஆலைகளில் உழைக்கும் மாநிலமும் இதுதான். சிப்காட் வளாகங்களிலும் அந்த அறை வரட்டும். சிறு ஆலைகள் சேர்ந்து ஒரு பொதுக் காப்பகம் நடத்தலாம். பால் பீச்ச ஒரு தாழ்ப்பாளுள்ள அறை, கை கழுவத் தண்ணீர், பாலை வைக்க ஒரு ஃபிரிட்ஜ்: இவற்றுக்கு ஆகும் செலவை எந்த ஆலையாலும் தாங்க முடியும். பீச்சிய பாலை ஃபிரிட்ஜில் நான்கு நாள் வரை வைக்கலாம்.

வேலைக்குத் திரும்பும் சகோதரிகளே, காப்பகமும் பாலூட்டும் இடைவேளையும் உங்கள் குழந்தைக்காக நீங்கள் கேட்கும் சலுகை என்று தயங்காதீர்கள். உங்கள் சொந்த ஆரோக்கியத்துக்காகச் சட்டம் தந்த உரிமை அது. காண்ட்ராக்ட் வேலை என்றாலும் கேளுங்கள்.