சுருள்பாசி: உணவா, மருந்தா?

சென்ற மாதம் நெசவாளர் சங்கம் ஒன்றை ஆய்வு செய்யச் சென்றிருந்தேன். நெடுங்காலமாகச் சாயம் தோய்க்கும் முதிய அங்கத்தினர் ஒருவர் பச்சை மாத்திரைகள் அடங்கிய புட்டியைக் காட்டி, "ஐயா, உடம்பில் இறங்கிய சாய நஞ்சை இது வெளியேற்றிவிடுமாமே?" என்று வினவினார். பூச்சிமருந்து தெளிக்கும் விவசாய அங்கத்தினர்களுக்கும் இச்சந்தேகம் உண்டாதலின், இதனைச் சிறிது விளக்குதல் நலம்.

ஸ்பைருலினா எனப்படும் சுருள்பாசி காரத்தன்மையுள்ள நீரில் வளரும் நுண்ணுயிராகும். ஆப்பிரிக்காவில் சாட் ஏரியை அடுத்த குட்டைகளிலிருந்து கானெம்பு இனப் பெண்டிர் இதனை வடித்தெடுத்து, மணலில் உலர்த்தி, 'டிஹே' என்னும் அடையாக்கிக் குழம்பில் சேர்க்கின்றனர். ஆகவே இது உணவு என்பதில் ஐயமில்லை. உலர்ந்த பாசியில் நூற்றுக்கு 60 பங்கு அளவிற்குப் புரதம் உண்டு. ஆயினும் 5 கிராம் பாசியில் கிடைப்பது 3 கிராம் புரதமே. அதனைச் சுமார் 12 கிராம் நிலக்கடலையே தந்துவிடும். மலச்சிக்கல் நீங்க நார்ச்சத்து வேண்டும். அவ்வளவு பாசியில் அது கால் கிராம்கூட இல்லை. கீரை, கேழ்வரகு, பயறு, போதிய தண்ணீர் ஆகியவையே அதற்குத் துணை.

நஞ்சை முறிப்பது கல்லீரலின் தொழில். கழிவை வடித்து வெளியேற்றுவது சிறுநீரகத்தின் தொழில். சாயத்தையோ பூச்சிமருந்தையோ பாசி உடலினின்று அகற்றும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மாறாக, தூய்மையற்ற நீரில் வளர்த்த பாசியில் ஈயம் முதலிய உலோகங்களும், உடன் வளரும் வேறு பாசிகளின் நஞ்சாகிய மைக்ரோசிஸ்டினும் கலந்திருக்கக்கூடும். பின்னது கல்லீரலையே கெடுப்பதாகும்.

எனவே அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியவை:

1. சாயம் தோய்க்கும்போதும் மருந்து தெளிக்கும்போதும் கையுறை அணிக. காற்றுக்கு எதிராகத் தெளித்தல் கூடாது. சோப்பிட்டுக் கைகழுவிய பின்னரே உண்க.

2. தெளித்தபின் மயக்கம், வாந்தி, பார்வை மங்கல், மிகுதியான உமிழ்நீர் தோன்றின், மருந்துப் புட்டியுடன் உடனே மருத்துவமனைக்குச் செல்க. மஞ்சள்காமாலை, மலத்தில் இரத்தம் ஆகியவற்றிற்கும் மருத்துவரையே நாடுக.

3. பாசியை உணவாக உண்ண விரும்புவோர் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் உள்ளதா எனப் பார்த்து வாங்குக. கர்ப்பிணிகளும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும் மருத்துவரைக் கேளாமல் உண்ணலாகாது.

அம்முதியவரின் இரு கைகளிலும் முழங்கைவரை நீலம் ஏறியிருந்தது. கையுறை ஒன்றுகூட அவரிடம் இல்லை. மாத்திரைக்குச் செலவிடும் பணத்தில் பல ஜோடி வாங்கியிருக்கலாம். சங்க நிர்வாகிகள் மொத்தமாகக் கையுறை வாங்கி அங்கத்தினர்க்கு அடக்கவிலையில் வழங்குவார்களாயின், அதுவே உண்மையான நஞ்சுநீக்கமாகும்.