சதுரங்களால் ஓர் ஊர்



கதைத்தலைவனின் வேடத்தை ஆடுபவரே ஏற்று, ஊர் ஊராக நடந்து, எதிர்ப்படுவோரிடம் பேசி, இடர்களை வென்று செல்லும் கணினி விளையாட்டுகளை நீங்கள் அறிவீர்கள். அவற்றை ஆடுவதோடு அமையாமல், வீட்டிலிருந்தே தாமாக இயற்ற முயலும் இளைஞர் இன்று பலர். கதையை எழுதிவிடுகிறார்கள்; ஊரையும் காட்டையும் அமைக்கத் தொடங்கும்போதுதான் திகைத்து நிற்கிறார்கள். படங்களை எங்கிருந்து கொள்வது, நிலத்தை எம்முறையில் அமைப்பது என்னும் இரண்டையும் பற்றிச் சிறிது பேசுவோம்.

1986-ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த 'டிராகன் குவெஸ்ட்' என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓடிய 'ஃபாமிகாம்' கருவியின் திரை, அகலத்தில் 256, உயரத்தில் 240, ஆக 61,440 புள்ளிகள் கொண்டது. ஒரு திரையை முழு ஓவியமாகச் சேமித்தால், நான்கே நிறங்கள் எனக் கொண்டாலும், 15,360 பைட்டு இடம் வேண்டும். விளையாட்டு முழுவதும் அடங்கிய பேழையின் கொள்ளளவோ 65,536 பைட்டு. நான்கு ஓவியங்களில் பேழை நிரம்பிவிடும். பிறகு கதைக்கு இடம் ஏது? ஆகவே அக்கருவியை அமைத்தோர் வேறு வழி கண்டனர். பக்கத்துக்கு 8 புள்ளி கொண்ட சிறு சதுரங்களாகப் புல், நீர், சுவர் ஆகியவற்றின் துண்டுகளை வரைந்து வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் எந்தத் துண்டு என்னும் எண்ணை மட்டும் குறிக்கச் செய்தனர். ஒரு திரைக்கு 960 எண்களும், நிறக்குறிப்புக்காக இன்னும் 64 பைட்டும் போதும். இத்துண்டுகளையே டைல் என்கிறோம்; தரைக்கு டைல் பதிப்பது போன்ற வேலைதான்.

இன்று இடப்பஞ்சம் இல்லை. ஆயினும் டைல் முறை மறையவில்லை. 2015-இல் வந்த 'ஆர்பிஜி மேக்கர் எம்வி' என்னும் கருவியும் பக்கத்துக்கு 48 புள்ளி கொண்ட சதுரங்களையே கையாளுகிறது. காரணம், திருத்துதல் எளிது என்பதே. சுவர் டைலின் மீது நடக்க முடியாது என ஒருமுறை குறித்துவிட்டால், அது பதிக்கப்படும் இடமெல்லாம் அவ்விதிக்கு அடங்கும். வீட்டு வாயிலை ஒரு சதுரம் தள்ளி வைக்க வேண்டுமா? இரண்டொரு நிமிட வேலை.

இதற்கு மாறாக, நிலம் முழுவதையும் ஒரே ஓவியமாகத் தீட்டிப் பின்னணியில் விரிக்கும் முறையும் உண்டு. இதனைப் 'பாரலாக்ஸ்' முறை என்பர். வளைந்த பாதை, சாய்ந்த மரம், கட்டங்களுக்கு அடங்காத நிழல் அனைத்தும் இதில் கைகூடும். அழகில் இதற்கு நிகரில்லை என்பதை ஒப்புகிறேன். ஆனால் 40-க்கு 40 சதுரமுள்ள ஊருக்கு 1920-க்கு 1920 புள்ளிகள், அதாவது 36 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் தீட்ட வேண்டும். எங்கே நடக்கலாம், எங்கே கூடாது என்பதை அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத டைல்களால் தனியே குறிக்க வேண்டும். மரத்தின் அடியில் தலைவன் நடக்கும்போது கிளை அவனை மறைக்க வேண்டுமாயின், கிளைகளை மற்றொரு படமாக மேலே விரித்தல் வேண்டும். வாயிலை நகர்த்தினாலோ மூன்றையும் திருத்த நேரும். எனவே முதற்படைப்புக்கு டைல் முறையே தக்கது என்பது என் கருத்து. கட்டம் போட்ட தாளில் முதலில் வரைந்து, வாயிலுக்கு வாயில் எத்தனை அடி நடக்க வேண்டும் என எண்ணிப் பாருங்கள். 100-க்கு 100 என்று பெருமையோடு தொடங்குவோர் 10,000 சதுரங்களை நிரப்ப வேண்டியவராகிறார்கள். பாதி வெறும் புல்லாகவே கிடக்கும்.

இனிப் படங்கள். ஒரு மாணவர் தம் விளையாட்டை எனக்குக் காட்டினார். பதினொரு ஊர்கள்! ஒரு வீட்டின் கதவு தலைவனின் இடுப்பளவே இருந்தது. மரத்தின் நிழல் இடப்புறமும், கிணற்றின் நிழல் வலப்புறமும் விழுந்தன. பற்பல கைகள் வரைந்தவற்றைக் கண்டவிடத்தெல்லாம் எடுத்துச் சேர்த்திருந்தார். அளவு, ஒளி வரும் திசை, பார்க்கும் கோணம் ஆகிய மூன்றும் ஒத்திராவிட்டால், தனித்தனியே அழகிய படங்களும் ஒன்றுசேர்ந்து அலங்கோலமாகும். அதனினும் பெரிய இடர், எந்தப் படம் யாருடையது என்பது அவருக்கே நினைவில்லை. உரியவர் இசைவின்றிப் பிறர் ஓவியத்தை வெளியிடல் ஆகாது. அவருடைய பல மாத உழைப்பு வெளியிட முடியாமல் நின்றது.

இலவசமாகக் கிடைப்பது என்பதால் நிபந்தனையே இல்லை என்று கொள்ளாதீர்கள். 2012-இல் நடந்த 'லிபரேட்டட் பிக்சல் கப்' போட்டிக்காக, பலர் வரைந்தாலும் ஒருவர் வரைந்தது போலத் தோன்றும்படி பொது விதிகள் வகுக்கப்பட்டன. 32 புள்ளிச் சதுரங்களில் அமைந்த அப்படங்களை எவரும் பயன்படுத்தலாம். ஆனால் வரைந்தோர் பெயரைக் கூற வேண்டும். படத்தை மாற்றினால் அம்மாற்றத்தையும் அதே உரிமையில் பிறருக்கு வழங்க வேண்டும். சில கருவிகளோடு வரும் படங்களுக்கு, அக்கருவியில் செய்யும் விளையாட்டுக்கு மட்டுமே உரியவை என்னும் நிபந்தனையும் உண்டு. ஆதலால் ஒரு குறிப்பேட்டில், படத்தின் பெயர், வரைந்தவர், கிடைத்த இடம், நிபந்தனை, எடுத்த நாள் ஆகியவற்றை எடுத்த அன்றே எழுதி வையுங்கள்.

அம்மாணவர் பழைய படங்கள் யாவற்றையும் நீக்கிவிட்டு, ஒரே தொகுப்பைக் கொண்டு மீண்டும் தொடங்கினார். இம்முறை ஊர்கள் மூன்றுதாம். கதவுகளில் தலைவன் குனியாமல் நுழைகிறான்.