இல்லத்தில் இருக்கும் பெரியவர்களுக்கு ஆபத்து வந்தால்...?

அம்மாவையோ மாமியாரையோ முதியோர் இல்லத்தில் சேர்க்கும்போது என்னவெல்லாம் விசாரிக்கிறோம்! சாப்பாடு வாய்க்கு ருசியா, பாத்ரூம் சுத்தமா, டாக்டர் வருகிறாரா, மாதம் எவ்வளவு... எல்லாம் கேட்கிறோம். "நடுராத்திரியில் தீப்பிடிச்சா எங்கம்மாவை யார் தூக்குவாங்க?" என்று மட்டும் கேட்பதில்லை. அபசகுனமாகப் பேசுகிறோமோ என்று ஒரு கூச்சம். கேட்டால் கோபித்துக்கொண்டு சரியாகக் கவனிக்க மாட்டார்களோ என்று ஒரு பயம்.

ஆனால் நடந்ததைப் பாருங்கள். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அதிகாலை, மனநலம் பாதிக்கப்பட்டவர்களின் காப்பகம் ஒன்றில் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பி ஓட வழியில்லாமல் 28 பேர் மாண்டார்கள்.

பணக்கார தேசத்தில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? 2017 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவை 'இர்மா' புயல் தாக்கியபோது, முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் ஏ.ஸி. நின்றுபோனது. வெந்து புழுங்கி 12 பேர் இறந்தார்கள். இத்தனைக்கும் ஆஸ்பத்திரி எதிரிலேயே இருந்தது! அதன் பிறகுதான் இத்தகைய இல்லங்களில் ஜெனரேட்டர் கட்டாயம் என்று அங்கே சட்டம் வந்தது.

ஆக, ஆபத்து நெருப்பாகவோ வெள்ளமாகவோதான் வரும் என்றில்லை. பூட்டிய கதவு, நின்றுபோன மின்சாரம், ராத்திரியில் ஆள் குறைவு... இவையும் உயிரைக் குடிக்கும்.

கூசாமல் கேளுங்கள்

* ராத்திரியில் எத்தனை பேர் கண் விழித்து வேலை பார்க்கிறார்கள்? படுத்த படுக்கையாக இருப்பவர்கள் எத்தனை பேர்?

* வாசல் கேட், கிரில் இவற்றின் சாவி ராத்திரியில் யாரிடம்? வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தால் மாற்றுச் சாவி உண்டா?

* மாடிப்படியில் பழைய கட்டில், மூட்டை முடிச்சுகள் அடைத்துக் கிடக்கின்றனவா? இதைக் கேட்கவே வேண்டாம், நீங்களே பார்த்துவிடலாம்.

* மழைநீர் தேங்கும் பேட்டையா? அப்படியானால் கீழ்த்தளத்தில் இருப்பவர்களை மேலே கொண்டுபோக என்ன ஏற்பாடு? ஜெனரேட்டர் தண்ணீர் எட்டாத உயரத்தில் இருக்கிறதா?

* இல்லத்தையே காலி செய்ய நேர்ந்தால் எங்கே போவார்கள்? வண்டிக்கு யாரிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள்?

* ஒத்திகை பார்க்கிறார்களா? ராத்திரி வேலை ஆட்களும் அதில் சேர்த்தியா?

தீ என்றால் எல்லோரையும் ஒரேயடியாகத் தெருவுக்கு இழுத்து வரவேண்டும் என்பதில்லை. நெருப்புக்குப் பக்கத்தில் இருப்பவர்களை முதலில் நகர்த்தி, அந்த அறைக் கதவைச் சாத்திவிட வேண்டும். புகை பரவுவது மட்டுப்படும். தீ தாங்கும் தடுப்புக் கதவு இருந்தால், அதைத் தாண்டி அதே மாடியின் மறுபக்கம் கொண்டுபோனாலே கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். லிப்ட் கூடவே கூடாது. நடக்க முடியாதவரைப் போர்வையில் கிடத்தித் தரையோடு இழுத்துப் போகலாம். புகை மேலே எழும்புவதால் தரையோரம்தான் மூச்சுவிட முடியும். இதையெல்லாம் ஆயாக்கள் கையால் செய்து பழகியிருந்தால்தான் சமயத்துக்கு உதவும்.

நம் பங்கு என்ன?

ஒரு சின்னப் பை தைத்து, கட்டில் பக்கத்தில் மாட்டி வையுங்கள். அதில் ஒரு வார மருந்து, மருந்துச் சீட்டின் நகல், ஒவ்வாத மருந்துகளின் பெயர், மாற்று மூக்குக் கண்ணாடி, காது மெஷின் பாட்டரி இருக்கட்டும். மருந்துகளை மாதா மாதம் மாற்றுங்கள். போன் நம்பர் இரண்டு எழுதுங்கள். ஒன்று வெளியூர் உறவினருடையதாக இருக்கட்டும். ஊரே வெள்ளத்தில் தத்தளிக்கும்போது உள்ளூர் போன் வேலை செய்யாமல் போகலாம். மறதி நோய் உள்ளவர்களுக்கு, உடையின் உட்புறம் பெயரையும் நம்பரையும் தைத்துவிடுங்கள்.

தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108, எந்த அவசரத்துக்கும் 112. முதியோருக்கென்றே 14567 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

நல்ல இல்லம் நடத்துபவர்கள் இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கூடவே வந்து காட்டுவார்கள். முகம் சுளித்தாலோ, அதுவே உங்களுக்கு ஒரு பதில்தான். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால், அங்கே வரும் நாலு குடும்பத்தாரைச் சேர்த்துக்கொண்டு கேளுங்கள். அடுத்த தடவை பார்க்கப் போகும்போது ஆரஞ்சுப் பழத்தோடு இந்தப் பட்டியலும் கையில் இருக்கட்டும், சகோதரிகளே!