நோவாற்றும் ஊசியும் நோக்கவேண்டிய அறிகுறியும்

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்பர் பெரியோர். கனகராயன்குளம் போன்ற வன்னிக் கிராமங்களில், மருத்துவிச்சியின் கையைப் பற்றியபடி வீட்டிலேயே அந்நோவைத் தாங்கிய பாட்டிமார் பலர். பேத்தியரோ இன்று வைத்தியசாலையை நாடுகின்றனர். முதுகில் இடும் ஊசியொன்றால் அந்நோவைத் தணிக்கலாம் என்று கேட்டதும் அவர் மனத்தில் எழும் வினா ஒன்றே: “கால் வழங்காமற் போய்விடுமோ?”

இவ்வச்சத்தை நகைத்துத் தள்ளலாகாது; அதற்கொரு வரலாறு உண்டு. 1947 ஒக்டோபர் 13ஆம் நாள் இங்கிலாந்தின் செஸ்டர்பீல்ட் வைத்தியசாலையில், சிறு சத்திரசிகிச்சைக்கெனச் சென்ற வூலி, ரோ என்னும் இருவருக்கு முதுகில் விறைப்பு மருந்து ஏற்றப்பட்டது. இருவரும் இடுப்பின்கீழ் நிரந்தரமாக முடமாயினர். மருந்துக் குப்பிகளின் கண்ணுக்குப் புலனாகாத வெடிப்புகளினூடே பீனோல் கசிந்தது என நீதிமன்றம் கொண்டது. முன்னர் அறியப்படாத ஆபத்துக்கு வைத்தியரைக் குற்றஞ்சாட்ட இயலாது என்று 1954இல் மேன்முறையீடும் தள்ளப்பட்டது. கருவியைக் கொதிக்கவைக்கும் கலத்தில் எஞ்சிய அமிலமே காரணமாகலாம் எனப் பின்வந்தோர் ஐயுற்றனர்.

அவர்களுக்கு இட்ட ஊசி முண்ணாணின் உறையைத் துளைத்து உள்ளே செல்வது. எபிடியூரல் என்பதோ, ஸ்பானிய இராணுவ வைத்தியர் பாஹேஸ் 1921இல் விளக்கிய முறையின் வழிவந்தது. இங்கே ஊசி உறைக்கு வெளியே நின்றுவிடும்; மெல்லிய குழாயொன்றின் வழியே மருந்து நரம்பு வேர்களை நனைக்கும். தவறி உறை துளைபட்டால் நீர் கசிந்து, எழுந்திருந்தால் மிகுந்தும் படுத்தால் தணிந்தும் வரும் தலைவலி உண்டாகும். இது ஏறத்தாழ நூற்றில் ஒருவர்க்கு நேர்வது, பெரும்பாலும் தீர்வது.

அஞ்சத்தக்கவை வேறு இரண்டு: உறைக்கு வெளியே குருதி திரள்வதும், சீழ் கட்டுவதும். இவை முண்ணாணை நெரிக்கும். எனினும் மிக அரியவை. 2009இல் பிரித்தானியாவில் வெளிவந்த கணக்கெடுப்பு, முதுகில் இடும் இத்தகைய ஊசிகள் 7 இலட்சத்துக்கு மேற்பட்டவற்றை ஆராய்ந்தது. நிரந்தரக் கேடு இலட்சத்துக்கு 2 முதல் 4 வரையே எனக் கண்டது. பிள்ளை பெறுவோரிடையே அது இன்னுங் குறைவு. மேலும், பேற்றின் பின் கால் மரத்தல் எல்லாம் ஊசியின் குற்றமன்று. இறங்கிவரும் குழந்தையின் தலையே நரம்பை அழுத்துவதும் உண்டு.

ஆயினும் அரியது என்பதால் கவனம் குறையலாகாது. மருந்தின் வேகம் தணியவேண்டிய நேரத்திலும் கால் அசையவில்லையாயின், அசைந்த கால் மீண்டும் தளர்ந்தால், கடும் முதுகுவலியோ காய்ச்சலோ சிறுநீர்த் தடையோ தோன்றினால், “நாளை பார்ப்போம்” என்றிருத்தல் தகாது. நெரிப்பைச் சில மணி நேரத்துள் நீக்கினாலன்றிக் கால் மீள்வது அரிது.

புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையே கண்டி வீதியோரம் கிடக்கும் இவ்வூரில் தூரமே நேரம். ஆதலின் வீடு திரும்பும் தாய்க்கு இவ்வறிகுறிகளைத் தமிழில், அவளுக்கு விளங்கும்படி, முன்கூட்டியே சொல்லிவிடல் வேண்டும். பாட்டி பற்றிய கை துணையாயிருந்தது போல், பேத்திக்கு இவ்வறிவு துணையாகும்.